இருபத்து நான்காவது கிளாம்ப்

ஜூன் 1

பெருமதிப்பிற்குரிய சித்தியின் மேலான கவனத்திற்கு,

மூன்று வருடங்களாக ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல் சொட்டிக்கொண்டிருந்த எங்கள் வீட்டுக் குளியலறைக் குழாய், நேற்றுக் காலை பத்தே காலுக்குப் பணி ஓய்வு பெற்றது என்பதைக் குடும்பத்தின் சார்பில் அறிவித்துக்கொள்கிறேன். யாரும் அதைச் சரிசெய்யவில்லை. தெருவுக்கே தண்ணீர் வரவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த அறிவிப்பு துக்கமானது. என் போன் பீரோவுக்குள் சிறை வைக்கப்பட்டுள்ளது. நான் ஊர் திரும்பிய அன்றே, "நாளை காலை எட்டு மணிக்குத் தொட்டி ஆய்வு, வீட்டுக்கு ஒருவர் துடைப்பத்துடன் மொட்டை மாடிக்கு வரவும்" என்று அம்மாவின் போனிலிருந்து மொத்தக் குடியிருப்புக்கும் ஒரு செய்தி போனது. எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். பதினோரு பேர் துடைப்பத்தோடு வந்தார்கள். தொட்டி பிறந்த நாளிலிருந்து அன்றுதான் குளித்தது. நன்றி சொல்வதை விட்டுவிட்டு, தேர்வு முடியும்வரை போன் கிடையாது என்று அம்மா பூட்டிவிட்டாள். ஆகவே இனி நமக்குள் கடிதப் போக்குவரத்துதான்.

உங்கள் ஆஸ்பத்திரியில் நான் வேலை பார்த்த பத்து நாட்களைப் பற்றி இங்கே யாரிடமும் பேச முடியவில்லை. "விடுமுறையில் என்ன செய்தாய்?" என்று கேட்கிறார்கள். "ஆபரேஷன் கருவிகளுக்குக் காந்தம் ஒட்டினேன்" என்றால் சிரிக்கிறார்கள். பென்சில் முனை அளவில் ஒரு காந்த டேக், ஒவ்வொன்றுக்கும் தனி எண். கருவியின் பிடியோரம் ஒரு சொட்டுப் பசை, அதன்மேல் டேக், பத்து எண்ணும்வரை அழுத்தல், கணினியில் பெயர்ப் பதிவு. அப்புறம் ட்ரேயைத் தியேட்டரில் இருக்கும் எண்ணும் மேஜைமேல் வைத்தால் போதும். ரத்தத்தில் முங்கிக் கிடந்தாலும் எத்தனை, எது எது என்று திரை சொல்லிவிடும். நோயாளியைத் தைத்து மூடிவிட்டு "ஐயோ, கத்திரிக்கோல் எங்கே, ரத்தக் குழாயைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் எங்கே?" என்று தேட வேண்டாம். இதெல்லாம் இவர்களுக்கு எங்கே புரியப்போகிறது! வெட்டி வேலை என்று அம்மா சொல்கிறாள். வெட்டுகிறவர்களுக்குச் செய்த வேலைதானே, அதனால் விட்டுவிட்டேன்.

மொத்தம் இருநூற்றுப் பதினெட்டு கருவிகள். ஒன்றுகூடக் கெடவில்லை. டேக் கம்பெனி இன்ஜினியர் சார் என்னைப் பார்த்து, "தம்பி, உனக்கு ஆபரேஷன் டாக்டர் கை" என்று சொன்னார். இதை நீங்கள் இருபது பேரிடமாவது சொல்ல வேண்டும். பேக்கிங்கில் என்னோடு நின்ற ஸ்டோர் அங்கிளிடம் இரண்டு தடவை.

திங்கட்கிழமையிலிருந்து மேஜைதான் எண்ணப்போகிறதாமே. இனி உங்கள் கைக்கும் பணி ஓய்வு. எங்கள் வீட்டுக் குழாயைப் போல.

உங்கள் தொல்லை,
வாலு

*

ஜூன் 8

வாலு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்துச் சிரித்தேன். அது புதன்கிழமை. வியாழக்கிழமைக்குப் பிறகு இங்கே எனக்குச் சிரிப்பு இல்லை.

முதலில் ஒன்று. இந்தக் கடிதத்தை உன் அம்மாவிடம் காட்டாதே. காட்டினால் அடுத்த பஸ்ஸில் வந்து நின்று, "அந்த வேலையை விடுடீ" என்று ஆரம்பிப்பாள். அக்காவுக்கு என்னைப் பற்றிக் கவலைப்படக் காரணம் வேண்டியதில்லை, இப்போது காரணமும் இருக்கிறது.

பெரிய வயிற்று ட்ரே, வயிற்று ஆபரேஷனுக்கு என்று வைத்திருப்பது, உனக்கு நினைவிருக்கும். இருபத்து நான்கு கருவிகள். கடைசி நாள் நீயும் ஸ்டோர் அண்ணனும் சேர்ந்து அடுக்கித் துணி சுற்றியது. அதற்குப் பிறகு அது தேவைப்படவில்லை. வியாழக்கிழமைதான் முதல் தடவையாகத் திறந்தார்கள், ஒரு லாரி டிரைவருக்கு. முன்பெல்லாம் திறந்ததும் இரண்டு பேர் வாய்விட்டு எண்ணுவார்கள், மூடும் முன் இன்னொரு தடவை. இப்போது அது கிடையாது. மேஜை எண்ணியது. திறக்கும்போது இருபத்து நான்கு. முடிந்தபோதும் இருபத்து நான்கு. பச்சை விளக்கு. வயிற்றைத் தைத்தார்கள்.

ட்ரே என் கழுவும் அறைக்கு வந்தது. மேஜைக்கு ஓய்வு தெரியாது, என் கைக்கும் தெரியாது. பழக்கத்தில் எண்ணினேன். இருபத்து மூன்று. தண்ணீரை வடித்து, துணிமேல் பரப்பி, மறுபடியும் எண்ணினேன். அதே இருபத்து மூன்று. தொட்டியின் சல்லடை, கையுறைக் கூடை, வண்டியின் அடித்தட்டு என்று எல்லாம் பார்த்துவிட்டுத்தான் பெரிய சிஸ்டரிடம் போனேன்.

"சிஸ்டர், பெரிய வயித்து ட்ரேல ஒண்ணு குறையுது."

"மேஜை இருபத்து நாலுன்னு சொல்லிச்சே?"

"மேஜை சொல்லட்டும் சிஸ்டர். என் கை இருபத்து மூணுங்குது."

"அப்படின்னா தியேட்டர்லேருந்து உன் தொட்டிக்கு வர்ற வழியில போச்சு. அந்த வழியில யார் இருந்தா? நீதானே."

அவர்கள் கணக்கு இப்போது புரிகிறதா? மேஜை தியேட்டரைச் சுத்தமானது என்று சொல்லிவிட்டது. மிச்சம் இருப்பது நான். நான் சொல்கிறேன், என் அறைக்கு வரும்போதே அது இல்லை. அப்படியென்றால் அது அந்த மனுஷன் வயிற்றில்தான் இருக்கிறது. அவர்கள் சொல்கிறார்கள், அது என் பையில் இருக்கிறது என்று. வாயால் சொல்லவில்லை. நான் வீட்டுக்குக் கிளம்பும்போது என் பையைப் பார்க்கிற பார்வையில் சொல்கிறார்கள்.

பத்தொன்பது வருடமாக இந்த அறையில் இருக்கிறேன். இந்த மாதக் கடைசியில் விசாரணை வைப்பார்கள் என்று பேச்சு. வேலை போவது ஒரு பக்கம். அந்த டிரைவர் எழுந்து உட்கார்ந்து, வலிக்கிறது, வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். வயிற்றை அறுத்தால் வலிக்கத்தான் செய்யும் என்கிறார்கள். நான் எக்ஸ்ரே எடுங்கள் என்று கத்திக்கொண்டிருக்கிறேன்.

நீதான் ஒவ்வொன்றாக ஒட்டிப் பதிந்தாய். உன்னைத்தான் கேட்கிறேன். அந்த மேஜை தப்பாக எண்ணுமா? விளையாடாமல் உள்ளதைச் சொல்லு.

சித்தி

*

ஜூன் 12

அன்புள்ள சித்தி,

உங்கள் கடிதம் கிடைத்தது. கத்திகளைக் கழுவுகிற அறையில் இவ்வளவு கத்தவேண்டி வந்ததே என்று வருத்தமாக இருக்கிறது. (இது சிரிப்பதற்காக. சிரிக்காவிட்டாலும் பரவாயில்லை.)

மேஜை தப்பாக எண்ணாது. காந்தத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது. டேக் இருந்தால் இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை. நான் ஒட்டியதிலும் தப்பு கிடையாது. அதனால் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள், கட்டாயம் எடுக்கச் சொல்லுங்கள். எடுத்தால் ஒன்றும் இருக்காது. அந்த டிரைவரும் நிம்மதியாவார், நீங்களும் நிம்மதியாவீர்கள், விஷயம் அத்தோடு முடிந்துவிடும். ஒரு வளைந்த நீளக் கிளாம்புக்காக யாராவது பத்தொன்பது வருட ஆளை வேலையை விட்டு அனுப்புவார்களா?

நான் இங்கிருந்தே துப்புத் துலக்கத் தொடங்கிவிட்டேன். எனக்கு இருக்கும் மூளைக்கு இது ஒன்றும் பெரிய வேலையில்லை. வழியில் யார் இருந்தார்கள் என்று பெரிய சிஸ்டர் கேட்டார்கள். சரியான கேள்வி, தப்பான ஆளிடம் கேட்டுவிட்டார்கள். அந்த ட்ரேயை என்னைத் தவிர வேறு யார் தொட்டது? ஸ்டோர் அங்கிள். நான் குற்றம் சொல்லவில்லை. பார்த்ததை மட்டும் சொல்கிறேன். கடைசி நாள் மதியம் நான் பேக்கிங் அறைக்குத் திரும்பி வந்தபோது அவர் தன் பையைச் சட்டென்று மூடினார். உள்ளே ஏதோ 'கிணிங்' என்று ஒலித்தது. என்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தார். அந்தப் பத்து நாளும் அவர் என்னை முறைத்துக்கொண்டேதான் இருந்தார். அவ்வளவுதான். இதை வைத்து என்ன முடிவுக்கு வருகிறீர்களோ அது உங்கள் பொறுப்பு.

அம்மாவிடம் சொல்லவில்லை. நான் குடும்பத்தின் இரும்புப் பெட்டி.

துப்பறியும்
வாலு

*

ஜூன் 17

வாலு,

நேற்று முன்தினம் எக்ஸ்ரே எடுத்தார்கள். பெரிய டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாரும்மா, நல்லா பாரு. எலும்பு இருக்கு, தையல் இருக்கு, உன் கிளாம்ப் எங்கேம்மா இருக்கு?" சுற்றி ஆறு பேர் நின்றார்கள். டிரைவரின் மனைவி கதவோரம் நின்று என்னையே பார்த்தாள். பத்து நாளாக அந்தப் பெண்ணைத் தூங்க விடாமல் அடித்தவள் நான்தானே.

அவர் பிழைத்தார். அதில் எனக்குப் பொய்யில்லாத சந்தோஷம். ஆனால் வயிற்றில் இல்லையென்றால் அது எங்கே என்ற கேள்விக்கு இப்போது ஒரே விடைதான் மிச்சம். அன்று மாலையே என் லாக்கரைத் திறந்து பார்த்தார்கள். மாற்றுப் புடவையை உதறிப் பார்த்தார்கள். வாசலில் காவலாளி தினமும் என் பையைக் கவிழ்க்கிறார். "என்ன செய்யுறது அக்கா, மேலிடத்து உத்தரவு" என்று அவருக்கே வெட்கம். புது மேஜை எனக்குப் பிடிக்கவில்லை, அதன் பெயரைக் கெடுக்க நானே ஒன்றை ஒளித்துவிட்டு ஊரைக் கூட்டுகிறேன் என்று ஒரு பேச்சு ஓடுகிறது.

இன்ஜினியரும் வந்தார். இருபத்து மூன்றையும் மேஜைமேல் வைத்தார். திரை இருபத்து மூன்று என்றது. "பார்த்தீங்களா, மிஷின் சரியாத்தான் சொல்லுது" என்று போய்விட்டார். கருவிகளைப் பையில் போட்டு முத்திரை வைத்துப் பெரிய சிஸ்டரின் அலமாரியில் பூட்டிவிட்டார்கள். வெறும் ட்ரே ஸ்டோருக்குப் போய்விட்டது.

இனி நான் கேட்பதற்குப் பதில் சொல்லு. குறைந்தது எது என்று நான் உனக்கு எழுதவே இல்லை. "ஒண்ணு குறையுது" என்று மட்டும்தான் எழுதினேன். எழுதிய பிறகு மறந்தேனோ என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். இல்லை. எழுதவில்லை. அது வளைந்த நீளக் கிளாம்ப் என்று அப்போது தெரிந்தவர்கள் இரண்டே பேர், நானும் பெரிய சிஸ்டரும். அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் உட்கார்ந்திருக்கும் உனக்கு எப்படித் தெரிந்தது?

எனக்கு இப்போது யார் சிரித்தாலும் சந்தேகம், யார் சிரிக்காவிட்டாலும் சந்தேகம். உன் மேலும் வரக்கூடாது என்று பார்க்கிறேன்.

சித்தி

*

ஜூன் 21

அன்புள்ள சித்தி,

தேர்வுக்குப் படிக்க வேண்டியிருப்பதால் சுருக்கமாக எழுதுகிறேன்.

அது வளைந்த கிளாம்ப் என்பது ஊகம். அந்த ட்ரேயில் வளைந்ததுதான் அதிகம். அதனால் குத்துமதிப்பாக அடித்தேன், பட்டுவிட்டது. தேர்விலும் நான் இப்படித்தான் எழுதுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

ஸ்டோர் அங்கிளைப் பற்றி நான் எழுதியதைப் படித்தவுடன் மறந்துவிடுங்கள். மனிதன் பையை மூடத்தான் செய்வான். திறந்தே வைத்திருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். நான் வாய் இருக்கிறதே என்று எழுதிவிட்டேன்.

ஒரு சந்தேகம், சும்மா அறிவுக்காகக் கேட்கிறேன். அந்தக் கிளாம்ப் ஒரு நாள் பெயர் முகவரி எதுவும் இல்லாமல் தபாலில் வந்து சேர்ந்தால், விசாரணையைக் கைவிட்டுவிடுவார்களா? இல்லை, எங்கிருந்து வந்தது என்று முத்திரையைப் பார்ப்பார்களா?

இங்கே தண்ணீர் வந்துவிட்டது. குழாய் மறுபடியும் சொட்டுகிறது.

வாலு

*

ஜூன் 25

வாலு,

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஏன்டா இத்தனை நாள் தவிக்க விட்டாய்?

நீ பார்த்திருக்கிறாய். ஸ்டோர் அண்ணன் அந்தக் கிளாம்பைப் பைக்குள் போடும்போது நீ பார்த்துவிட்டாய். அதனால்தான் எது என்று உனக்குத் தெரிந்தது. அவர் உன்னை மிரட்டியிருப்பார், அல்லது கெஞ்சியிருப்பார். முந்தைய கடிதத்தில் பாதி சொன்னாய், அடுத்ததில் பயந்து விழுங்கிவிட்டாய். தபாலில் அனுப்பச் சொல்லலாமா என்று அவருக்காக என்னிடம் வேவு பார்க்கிறாய். எவ்வளவு தவித்திருப்பாய் என்று நினைத்து நேற்று அழுதேன்.

வாரக் கடைசியில் அவர் ஸ்டோரில் டார்ச் வைத்துக்கொண்டு அந்த வெறும் ட்ரேயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் நிற்பதைக் கண்டதும் அணைத்தார். நாலு நாளாக நான் அவரோடு பேசவில்லை. இன்று காலை கழுவும் அறை வாசலில் வந்து நின்றார்.

"என்னையா சந்தேகப்படுறே?"

நான் கிளாம்புகளைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"உன்னைத்தான்டி கேக்குறேன். பதினெட்டு வருஷமா உன் பக்கத்து அறையில இருக்கேன். ஒரு பஞ்சுருண்டை எடுத்திருப்பேனா?"

"எடுத்தவங்க எடுத்தேன்னு சொல்லுவாங்களா அண்ணே?"

அவர் கையில் வைத்திருந்த ஸ்டோர் கணக்குப் பேரேட்டை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் முகம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் இப்போது எனக்கு யார் முகம்தான் பிடிக்கிறது?

மூன்று நாளாக வீட்டுக்கு ஒரு போன் வருகிறது. ஹலோ என்றால் மூச்சுச் சத்தம் மட்டும், பிறகு வைத்துவிடுகிறார்கள். அதுவும் அவராகத்தான் இருக்க வேண்டும்.

முப்பதாம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்து மணிக்கு விசாரணை. பெரிய சிஸ்டரிடம் அவர் பெயரைச் சொல்லிவிட்டேன். "சாட்சி இருக்கா?" என்று கேட்டார்கள். என் அக்கா மகன் பார்த்தான், எழுதித் தருவான் என்று சொல்லியிருக்கிறேன். நீ கண்டதைக் கண்டபடி எழுதிக் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு. பயப்படாதே. நான் இருக்கிறேன்.

இன்னொன்று. யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். முந்தாநாள் ஒரு சின்ன ட்ரேயைக் கழுவினேன். பன்னிரண்டு. எண்ணி முடித்தபிறகு, பன்னிரண்டுதானா என்று சந்தேகம் வந்தது. ஐந்து தடவை எண்ணினேன். அன்றைக்கும் என் கை தப்பாகத்தான் எண்ணியதோ என்று தோன்றுகிறது. தோன்ற ஆரம்பித்தபிறகு இந்த வேலையைச் செய்ய முடியாதுடா.

சித்தி

*

ஜூன் 27

சித்தி,

கண்டதைக் கண்டபடி எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். கண்டவனும் செய்தவனும் ஒரே ஆள். நான்தான்.

உங்கள் கை தப்பாக எண்ணவில்லை. அந்த ட்ரேயில் தொடக்கத்திலிருந்தே இருபத்து மூன்றுதான் இருந்தது. இருபத்து நான்காவது என்னிடம் இருக்கிறது. என் மேஜையில், இந்தத் தாளுக்குப் பக்கத்தில்.

நடந்தது இது. கடைசி நாள் காலை நான் அந்த வளைந்த கிளாம்புக்கு டேக் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒட்டினேன் என்று சொல்வது பாதி உண்மை. வலது கையால் கிளாம்பைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் ஸ்டோர் அங்கிளின் டீக் கோப்பையைச் சாஸரோடு சேர்த்து ஒட்டிக்கொண்டிருந்தேன். அவர் கோப்பையைத் தூக்கும்போது சாஸரும் கூடவே வரும், அவர் முழிப்பார், நான் சிரிக்கலாம் என்பது திட்டம். முன்கூட்டியே சிரித்துவிட்டேன். கை ஆடியது. பசை கிளாம்பின் மூட்டுக்குள் ஓடிவிட்டது. நான் கவனிக்காமல் வழக்கம்போல் பத்து எண்ணி அழுத்தினேன். அப்புறம் திறக்கப் பார்த்தால் கிளாம்ப் திறக்கவில்லை. கம்பித் துண்டுபோல் விறைத்துவிட்டது.

பயந்துவிட்டேன். "எங்க அக்கா பையன், பொறுப்பானவன்" என்று சொல்லி என்னைச் சேர்த்தது நீங்கள். கெடுத்தது தெரிந்தால் உங்களுக்குத் தலைகுனிவு என்று நினைத்தேன். இப்படி எழுதும்போது நன்றாக இருக்கிறது. நிஜத்தில் எனக்கு வரப்போகும் திட்டைத்தான் நினைத்தேன். டேக்கைக் கத்தி முனையால் பெயர்த்து, ட்ரேயின் உள்விளிம்பு மடிப்புக்கு அடியில் ஒட்டினேன். மேஜைக்கு எண்தானே வேண்டும், கொடுத்துவிட்டேன். மாலையில் சோதித்தபோது இருபத்து நான்கு, பச்சை விளக்கு. ஸ்டோர் அங்கிள் துணி சுற்றினார். கிளாம்பை என் பையில் போட்டுக்கொண்டேன். ஊரில் போய்த் திறந்து, அடுத்த தடவை வரும்போது ஓசைப்படாமல் வைத்துவிடலாம் என்று எண்ணம். இருநூற்றுப் பதினெட்டில் ஒன்று, யார் கவனிக்கப்போகிறார்கள்? நீங்கள் கவனித்தீர்கள்.

அந்த டிரைவர் வயிற்றில் இல்லை என்று எனக்கு முதல் நாளே தெரியும். அதனால்தான் எக்ஸ்ரே எடுங்கள் என்று எழுதினேன். எடுத்து ஒன்றும் இல்லையென்றால் எல்லாம் தானாக அடங்கிவிடும் என்று நினைத்தேன். அடுத்தது நீங்கள்தான் என்று எனக்குத் தோன்றவேயில்லை. அவரும் அவர் மனைவியும் அத்தனை நாள் பட்டதை நினைத்தால் சாப்பிட முடியவில்லை.

ஸ்டோர் அங்கிளின் பையில் ஒலித்தது கோப்பையும் சாஸரும்தான். அவர் கண்டுபிடித்துவிட்டார். மதியம் நான் உள்ளே வந்தபோது அதைப் பைக்குள் வைத்து மூடிவிட்டு, "உன் சித்திகிட்ட சொல்லலை, ஓடு" என்றார். அதற்குத்தான் ஒரு மாதிரி சிரித்தார். அந்த மனுஷனைத்தான் நான் உங்களிடம் திருடனாக்கினேன். இதை எழுதும்போது காது சுடுகிறது.

மூச்சு விட்டுவிட்டுப் போனை வைத்ததும் நான்தான். பக்கத்துக் கடையிலிருந்து. உங்கள் குரலைக் கேட்டதும் வாய் வரவில்லை. ஊரிலேயே பெரிய வாயாடி என்று பெயர் எடுத்தவன்.

உங்கள் கடிதம் வந்ததும் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். எல்லாக் கடிதத்தையும் உட்கார்ந்து படித்தாள். அடிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. இதே விஷயத்தைப் பெரிய சிஸ்டருக்கும் தனியாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இரண்டையும் அவசரத் தபாலில் போடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் நாங்களும் கிளம்பி வருகிறோம். கடிதம் எங்களுக்கு முன்னால் வந்து சேர வேண்டும் என்று நினைக்கிறேன். நேரில் முதல் வார்த்தையை எடுக்க எனக்குத் தைரியமில்லை.

அதுவரை யாரும் என்னை நம்ப வேண்டாம். அந்த வெறும் ட்ரேயை ஸ்டோரிலிருந்து எடுத்து மேஜைமேல் வைக்கச் சொல்லுங்கள். உள்ளே ஒன்றும் இல்லாமலே திரை 'ஒன்று' என்று காட்டும். ஸ்டோர் அங்கிளையே தூக்கி வைக்கச் சொல்லுங்கள். அவர் டார்ச் அடித்துப் பார்த்ததும் இதைத்தான் தேடியிருப்பார் என்று நினைக்கிறேன். அவரிடம் நான் என்ன சொல்வது என்று நீங்கள் சொல்லாதீர்கள். நானே யோசிக்கிறேன்.

ஆபரேஷன் டாக்டர் கை என்று இன்ஜினியர் சார் சொன்னதாக எழுதினேன். சொல்லவில்லை. "தம்பி, பசைக் குப்பியை மூடி வை" என்று சொன்னார். இரண்டு தடவை.

கடைசியாக ஒன்று. நான்கு வாரமாக இந்தக் கிளாம்பைத் திறக்க நான் செய்யாதது இல்லை. வெந்நீரில் போட்டேன், எண்ணெய் விட்டேன், கதவிடுக்கில் வைத்து நெம்பினேன், குறடு ஒன்றை உடைத்தேன். திறந்திருந்தால் எப்படியாவது திருப்பி வைத்திருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று மதியம் அம்மா அதை வாங்கிப் பார்த்தாள். நகப்பூச்சு அழிக்கிற பாட்டிலைத் திறந்து, ஒரு கிண்ணத்தில் ஊற்றி, அதற்குள் போட்டுவிட்டுத் துணி மடிக்கப் போனாள். கால் மணி நேரம் கழித்து எடுத்தாள். விரலை விட்டு அழுத்தினாள். திறந்தது. மூடினாள். திறந்தாள். ஒரு கீறல்கூட இல்லை.

"இதுக்காடா?" என்று கேட்டாள்.

இதுக்குத்தான், சித்தி.

வாலு